செருப்பில் ஒட்டிய மண் எவ்வளவு தூரம் சாட்சி சொல்லும்?

கொலை வழக்குச் செய்திகளின் கடைசிப் பத்தியில் ஒரு வரி வரும்: சம்பவ இடத்து மண்ணும், பறிமுதல் செய்த காலணியில் இருந்த மண்ணும் தடயவியல் ஆய்வுக்கு அனுப்பப்பட்டுள்ளன. சில மாதம் கழித்து, இரண்டும் ஒத்துப்போவதாக இன்னொரு வரி. அதைப் படித்ததும் டீக்கடையில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சிக்கு அது கைரேகைக்குச் சமம், ஆள் மாட்டினான். இன்னொரு கட்சி, மண்ணில் என்ன பேரா எழுதியிருக்கு, வேலூர் முழுக்க ஒரே செம்மண்தானே என்று சிரிக்கும்.

இரண்டு பேரும் பாதிதான் சரி. மண் எப்போது பலமான சாட்சி, எப்போது வெறும் தூசி என்பதைத் தீர்மானிப்பது ஆய்வகத்து இயந்திரம் மட்டுமில்லை. அந்த மண்ணில் இருக்கும் கனிமம் அந்த வட்டாரத்தில் எவ்வளவு அரிது, மாதிரியை முதலில் அள்ளிய கை அதை எப்படி அள்ளியது, இந்த இரண்டும்தான் பெரும்பங்கு. பழைய வடார்க்காடு, அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் மண்ணையே வைத்துக்கொண்டு இதை அடியிலிருந்து பார்க்கலாம்.

## மண்ணுக்குள் என்ன இருக்கிறது

ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தால் அதில் பாறை உடைந்து வந்த துகள்கள் இருக்கும். அந்தத் துகள்கள் மழையிலும் வெயிலிலும் மக்கி உருமாறிய களிமண் கனிமங்கள் இருக்கும். வேர்த் துணுக்கு, மகரந்தம், நுண்ணுயிர் இருக்கும். அப்புறம் மனிதன் போட்டது: செங்கல் தூள், சிமெண்ட், பெயிண்ட் செதில், கரி, கண்ணாடி. தடயவியல்காரர்களுக்கு நான்குமே வேண்டும், ஆனால் நம் பேச்சு முதல் இரண்டைப் பற்றியது.

கனிமம் என்பது இயற்கையில் உருவான, ஒரு குறிப்பிட்ட வேதிச் சேர்க்கையும் குறிப்பிட்ட அணு அடுக்கும் கொண்ட பொருள். நம்மூரில் வெங்கச்சங்கல் என்று சொல்லும் வெள்ளைக் கல் குவார்ட்ஸ். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பொறுக்கி வைத்துக்கொள்ளும் பளபளப்பான காக்காப்பொன் மைக்கா. கிரானைட்டில் இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ தெரிவது ஃபெல்ட்ஸ்பார். கருப்பாக இருப்பதில் பெரும்பாலும் ஹார்ன்பிளெண்டும் பயோடைட் என்ற கருப்பு மைக்காவும். செம்மண்ணுக்குச் சிவப்பு தருவது ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு, மஞ்சள் தட்டினால் அது கோதைட்.

சாட்சி என்ற முறையில் கனிமத்துக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ரத்தம் கெட்டுப்போகும், டிஎன்ஏ வெயிலில் சிதையும். பேன்ட் மடிப்பில் சிக்கிய ஒரு குவார்ட்ஸ் மணி பத்து வருடம் கழித்து எடுத்தாலும் குவார்ட்ஸ்தான். துணியைத் துவைத்தால் பெரிய மணிகள் போய்விடும், ஆனால் தையலிலும் மடிப்பிலும் பொடித்துகள் தங்கிவிடுவது சகஜம். இங்கேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. செருப்பிலும் துணியிலும் ஒட்டுவது பெரும்பாலும் நுண்ணிய பகுதிதான், ஜல்லியும் பெருமணலும் ஒட்டாது. அதனால் சம்பவ இடத்து மண்ணை அப்படியே அள்ளி வந்து செருப்பு மண்ணோடு ஒப்பிட்டால், ஒரே இடத்து மண்கூட வேறு வேறாகத் தெரியும். இரண்டையும் சலித்து, ஒரே அளவுத் துகள்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

## வடார்க்காட்டு மண்: எது பொது, எது அரிது

வேலூரைச் சுற்றி நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுகளில் பெரும்பகுதி சார்னோகைட். உடைத்துப் பார்த்தால் கருஞ்சாம்பல் நிறத்தில் லேசான பச்சையும் நீலமும் கலந்து எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். இந்தப் பாறையின் அடையாளக் கனிமம் ஹைப்பர்ஸ்தீன். அதன் ஒரு மணியை நுண்ணோக்கியில், தளவிளைவு ஒளியில் (ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி) வைத்து மேடையை மெல்லத் திருப்பினால் இளஞ்சிவப்பாக இருந்தது இளம்பச்சையாக மாறும், இன்னும் திருப்பினால் மறுபடி சிவக்கும். ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார். இந்தப் பாறையை 1893-ல் தனி வகையாக விவரித்த தாமஸ் ஹாலண்ட், கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லைப் பார்த்து, அது சென்னைப் பக்கத்துப் பல்லாவரம் பாறை என்று கண்டுகொண்டார். ஒரு கல் எங்கிருந்து வந்தது என்று கனிமத்தை வைத்துச் சொல்லும் வேலை இதே பாறையில் நூறு வருடத்துக்கு முன்பே நடந்துவிட்டது.

குன்றுகளுக்கு இடையிலான சமவெளியில் அதிகம் இருப்பது நைஸ் என்ற பட்டை பட்டையான பாறை. அது மக்கினால் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், பயோடைட், கொஞ்சம் ஹார்ன்பிளெண்ட். காட்பாடியில் எடுத்தாலும் இதுதான், ஆரணிப் பக்கம் எடுத்தாலும் ஏறக்குறைய இதுதான். ஆகவே ஓர் அறிக்கை "இரண்டு மாதிரியிலும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், இரும்பு ஆக்சைடு உள்ளன" என்று சொன்னால் அது சொன்னது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வேலூர் பஸ் ஸ்டாண்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஆளைப் பார்த்தேன் என்று அடையாளம் சொல்வது மாதிரி.

ஆனால் இதே வட்டாரத்தில் சில இடங்கள் வேறு ரகம்.

ஏலகிரி மலையில் பெரிய பகுதி சையனைட் (syenite) என்ற பாறை. கிரானைட் மாதிரியே தெரியும், ஆனால் குவார்ட்ஸ் மிகக் குறைவு, ஃபெல்ட்ஸ்பார்தான் கொட்டிக் கிடக்கும். மலையடிவாரத்து மண்ணிலும் அந்த விகிதம் தெரியும். திருவண்ணாமலையை ஒட்டிய கவுத்திமலை, வேடியப்பன் மலைப் பகுதியில் மேக்னடைட் என்ற இரும்புத் தாது. மண்ணில் ஒரு காந்தத்தை உருட்டினால் கருந்துகள் மயிர்போல் ஒட்டிக்கொண்டு வரும். மேக்னடைட் எல்லா மண்ணிலும் கொஞ்சம் இருக்கும், இங்கே அதன் அளவுதான் செய்தி.

இதில் எனக்கு மிகப் பிடித்தது திருப்பத்தூர் பக்கத்துச் சேவத்தூர். அங்கே இருப்பது கார்பனடைட் என்ற பாறை. எரிமலைக் குழம்பாக வந்தும் சுண்ணாம்புக்கல்லைப் போல கார்பனேட்டால் ஆனது, உலகத்திலேயே அரிதான வகை. அதைச் சார்ந்து அபடைட் என்ற பாஸ்பேட் கனிமமும் வெர்மிகுலைட்டும் கிடைக்கின்றன. வெர்மிகுலைட் பார்ப்பதற்குப் பழுப்பு நிற மைக்கா. ஒரு செதிலைச் சூடான தட்டில் போட்டால் அடுக்குகளுக்கு இடையில் இருக்கும் நீர் ஆவியாகி, செதில் நெளிந்து நீண்டு பல மடங்கு உப்பிவிடும். தமிழ்நாடு கனிம நிறுவனம் இதை அங்கே வெட்டி எடுத்திருக்கிறது. ஒருவருடைய வண்டிச் சக்கரத்தின் மேல்வளைவில் வெர்மிகுலைட்டும் அபடைட்டும் சேர்ந்து இருந்தால், அந்த வண்டி வேலூர் கலெக்டர் ஆபீஸ் பக்கம்தான் ஓடியது என்று சொல்வதற்கு நிறைய விளக்கம் தேவைப்படும்.

இதற்கும் பதில் வாதம் உண்டு. மாடித்தோட்டம் வைப்பவர்களுக்கு நர்சரியில் விற்கும் தொட்டிக் கலவையிலும் வெர்மிகுலைட் இருக்கிறதே என்று எதிர்த்தரப்பு கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் கடையில் விற்பது சுட்டு உப்ப வைத்தது, அடுக்குகள் விரிந்து பஞ்சு மாதிரி இருக்கும். சுரங்க மண்ணில் கிடப்பது உப்பாத தட்டைச் செதில். நுண்ணோக்கியில் பார்த்த உடனே பிரித்துவிடலாம். ஒரு கனிமத்தின் பெயரை மட்டும் எழுதி நிறுத்தும் அறிக்கைக்கும், அது எந்த நிலையில் இருந்தது என்று எழுதும் அறிக்கைக்கும் உள்ள வித்தியாசம் இப்படித்தான் வரும்.

மனிதன் குத்திய முத்திரைகளையும் சொல்ல வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஊர்கள்; அதில் குரோமிய உப்பு புழங்குகிறது. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் ரசாயனத் தொழிற்சாலை ஒன்றின் குரோமியக் கழிவு மலைபோல் குவிந்து கிடந்தது பல வருடச் செய்தி. அந்தப் பக்கத்து மண்ணில் குரோமியம் சாதாரண மண்ணைவிட மிக அதிகம். சுற்றுச்சூழலுக்குப் பெரிய கேடு, துப்பறிபவருக்கு நல்ல அடையாளம்.

## ஆய்வகத்தில் நடப்பது

தமிழ்நாட்டில் தடயவியல் துறையின் தலைமை ஆய்வகம் சென்னை மயிலாப்பூரில் இருக்கிறது, 1849-ல் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகத்தின் வழி வந்தது. வேலூரிலும் வட்டார ஆய்வகம் உண்டு. மண் ஒப்பீடு செய்யும்போது, எந்த ஊர் ஆய்வகமானாலும், மலிவான சோதனையில் தொடங்கி மெல்ல மேலே போவதுதான் வழக்கம். ஏதாவது ஒரு படியில் தெளிவான வித்தியாசம் தெரிந்தால் மேலே போக வேண்டிய அவசியமே இல்லை.

1. நிறம். காய வைத்து, ஒரே ஒளியில், மண் நிறங்களுக்கு எண் கொடுத்து வரிசைப்படுத்திய முன்செல் வண்ண அட்டையோடு ஒப்பிடுவார்கள். ஈரமாகவும் ஒரு முறை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு செம்மண்கள் இங்கேயே பிரிந்துவிடுவது உண்டு.

2. சலிப்பது. மணல், வண்டல், களி என்று துகள் அளவுப்படி பிரிப்பது. 0.002 மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பது களி.

3. ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். பொங்கினால் கார்பனேட் இருக்கிறது. சுக்கான்கல் கலந்த மண்ணோ சிமெண்டோ ஆகலாம்.

4. கன திரவத்தில் பிரித்தல். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. அடர்த்தி 2.89 உள்ள புரோமோஃபார்மில் மண்ணைப் போட்டால் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் மிதக்கும். ஹைப்பர்ஸ்தீன், கார்னெட், சிர்கான், மேக்னடைட் எல்லாம் அடியில் இறங்கும். புரோமோஃபார்ம் விஷம், அதனால் இப்போது சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசலும் பயன்படுகிறது. அடியில் இறங்கியதுதான் பொக்கிஷம், ஏனென்றால் இடத்துக்கு இடம் அதிகம் மாறுவது இந்தக் கனமான சிறுபான்மைதான்.

5. தளவிளைவு நுண்ணோக்கி. மணிகளைத் தெரிந்த ஒளிவிலகல் எண் உள்ள எண்ணெயில் வைத்து, எத்தனை ஹைப்பர்ஸ்தீன், எத்தனை ஹார்ன்பிளெண்ட், முனை கூரா மழுங்கலா, புதிதாக உடைந்ததா மக்கியதா என்று ஒவ்வொன்றாக எண்ணுவது. நிபுணர் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான மணிகளை எண்ண வேண்டிய, இடுப்பு ஒடியும் வேலை. இதற்கு மாற்றாக எந்தப் பளபளப்பான கருவி வந்தாலும், அனுபவப்பட்ட கண் இந்தப் படியில் செய்வதுதான் வழக்கின் உயிர் என்பது என் கருத்து.

6. எக்ஸ்ரே விளிம்பு வளைவு. களிமண் கனிமங்கள் நுண்ணோக்கிக்கு அடங்காத அளவு சிறியவை. எக்ஸ்ரே பாய்ச்சி அணு அடுக்குகளின் இடைவெளியை அளந்தால் பெயர் தெரியும். செம்மண்ணில் சகஜமான கயோலினைட்டின் இடைவெளி சுமார் 7 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), 550 டிகிரி சூட்டில் அந்தக் கோடு மறைந்துவிடும். கரிசலில் அதிகம் உள்ள ஸ்மெக்டைட், கிளைக்கால் ஊற்றினால் சுமார் 17 ஆங்ஸ்ட்ராமுக்கு உப்பும்.

7. எலெக்ட்ரான் நுண்ணோக்கியோடு தனிமப் பகுப்பாய்வு. ஒவ்வொரு மணியின் வேதிச் சேர்க்கையும் தெரியும். மண் மிகக் குறைவாக இருக்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

கண்ணாடிக் குழாயில் அடர்த்தி படிப்படியாக மாறும் திரவத்தை ஊற்றி, மண்ணைத் தூவி, எந்தெந்த உயரத்தில் பட்டை கட்டுகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழைய முறை ஒன்றும் இருக்கிறது. புகைப்படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் வெவ்வேறு மண்கள் ஒரே மாதிரிப் பட்டை கட்டலாம் என்பதால் அதை மட்டும் நம்பி ஒரு முடிவு எழுதினால் அது பலவீனமான முடிவு.

## இந்த வேலை எங்கே தொடங்கியது

1904-ல் ஜெர்மனியில் ஒரு தையல்காரப் பெண் அவரைக்காய்த் தோட்டத்தில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டுக் கிடந்தார். பக்கத்தில் அழுக்குக் கைக்குட்டை. அதிலிருந்த சளியில் நிலக்கரித் துகள், மூக்குப்பொடி, ஹார்ன்பிளெண்ட் மணிகள். ஃபிராங்க்ஃபர்ட் நகரில் இருந்த கியோர்க் பாப் என்ற வேதியியல் நிபுணரிடம் அது போனது. சந்தேகப்பட்ட ஆள் மூக்குப்பொடி போடுபவர், நிலக்கரி எரிக்கும் காஸ் ஆலையில் வேலை, இடையில் சரளைக் குழியிலும் வேலை. அவருடைய பேன்ட்டில் மண் இரண்டு அடுக்காக இருந்தது. துணியை ஒட்டிய அடுக்கு கொலை நடந்த இடத்து மண்ணைப் போலவும், அதன்மேல் படிந்த அடுக்கு பாதையில் எடுத்த மண்ணைப் போலவும் இருந்தன. இதைச் சொன்னதும் அவர் ஒப்புக்கொண்டார்.

அடுத்த வழக்கு 1908, அதே பாப், பவேரிய ஆட்சிக்கு உட்பட்டிருந்த ராக்கன்ஹவுசன் பக்கம். இது இன்னும் நுட்பமானது. சந்தேக நபரின் மனைவி, முந்தின நாள் இரவுதான் அவருடைய செருப்பைத் துடைத்து வைத்தேன் என்று சொன்னார். அப்படியென்றால் அதில் இருந்த மண் முழுக்க அந்த ஒரு நாளின் மண். அடியில் அவர் வீட்டு வாசலில் கிடக்கும் வாத்து எச்சம், அடுத்து புல், அதன்மேல் கொலை நடந்த இடத்துச் சிவப்பு மணற்கல் துகள், எல்லாவற்றுக்கும் மேலே செங்கல் தூளும் நிலக்கரியும் சிமெண்டும். அவருடைய துப்பாக்கியும் துணியும் ஒளித்து வைக்கப்பட்டிருந்த பாழடைந்த கோட்டையில் இருந்த கலவை அது. நாள் முழுக்க என் வயலில்தான் நடந்தேன் என்பது அவர் வாக்குமூலம். அந்த வயலில் போர்ஃபிரி பாறைத் துணுக்கும் பால்நிறக் குவார்ட்ஸும் கிடக்கும். செருப்பில் அவை துளியும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது அடுக்கு வரிசையும், இருந்திருக்க வேண்டியது இல்லாமல் போனதும். சம்பவ இடத்து மண் இருந்தது என்பதைவிட அலிபியாக, அதாவது அந்த நேரத்தில் தான் இருந்ததாக ஆள் சொன்ன வேறு இடத்து மண் இல்லாதது பல சமயம் அதிகம் பேசும். இந்த இரண்டாவதைத்தான் நம்மூர் வழக்குகளில் யாரும் தேடுவதாகத் தெரியவில்லை.

இன்னொரு கதை போர்க்காலத்தது. 1944 நவம்பரிலிருந்து ஜப்பான் ஹைட்ரஜன் பலூன்களில் குண்டு கட்டிக் காற்றோட்டத்தில் அமெரிக்காவுக்கு அனுப்பியது. பலூனின் எடையைச் சமன்செய்ய மணல் மூட்டைகள் கட்டியிருந்தார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் ராணுவப் பிரிவினர் அந்த மணலைப் பிரித்துப் பார்த்தார்கள். ஹைப்பர்ஸ்தீன் நிறைய, டயட்டம் என்ற நுண்பாசியின் ஓடுகள் உண்டு, பவளத் துணுக்கு இல்லை. பவளம் இல்லாததால் தென்பகுதிக் கடற்கரைகள் கழிந்தன; மிச்சத்தை ஜப்பானின் பழைய புவியியல் அறிக்கைகளோடு ஒப்பிட்டு, ஹோன்ஷு தீவின் கிழக்குக் கரையில் இச்சினோமியா வட்டாரம் வரை குறுக்கிவிட்டார்கள். நம் வேலூர் மலையில் எங்கும் கிடக்கிற ஹைப்பர்ஸ்தீன் அங்கே கடற்கரையைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. ஒரு கனிமம் அரிதா பொதுவா என்பது கனிமத்தின் குணமில்லை, நாம் தேடும் பரப்பைப் பொறுத்தது.

கவிழ்ந்த கதையும் இருக்கிறது. 1978-ல் இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோ கடத்திக் கொல்லப்பட்டபோது அவருடைய பேன்ட் மடிப்பில் கடற்கரை மணல் இருந்தது. புவியியலாளர்கள் ரோமுக்குப் பக்கத்துக் கடற்கரை ஒன்றின் நீளம் வரை அதைத் துல்லியமாகக் குறுக்கினார்கள். கொலை செய்த கும்பலின் ஆட்கள் பின்னாளில், போலீசைத் திசைதிருப்ப நாங்களே மணலைக் கொண்டுவந்து போட்டோம் என்று சொன்னார்கள். மணல் எந்தக் கடற்கரை என்று கனிமம் சொல்லும். அது எப்படி அங்கே வந்தது என்று சொல்லாது.

## மாதிரி எடுக்கும் கை

வழக்கு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். மம்மட்டியால் ஒரு வெட்டு வெட்டி, அரைக்கிலோ மண்ணை பிளாஸ்டிக் பையில் கட்டி, விஏஓவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டால் மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் பறிமுதல் பத்திரம்) முழுமையாக இருக்கும், அறிவியல் காலியாக இருக்கும். செய்ய வேண்டியது இது:

1. செருப்பு மிதிப்பது மேல்மண்ணை. ஆகவே மேலே இருக்கும் சில மில்லிமீட்டர் படலத்தைத்தான் கரண்டியால் எடுக்க வேண்டும். ஒரு சாண் ஆழத்து மண்ணின் நிறமே வேறு. குழி தோண்டிப் புதைத்த வழக்கு என்றால் மட்டும் ஒவ்வொரு அடுக்கிலும் தனித்தனியாக.

2. ஒரு மாதிரி போதாது. கால்தடம் இருந்த இடம், அதைச் சுற்றி எல்லாத் திசையிலும் கொஞ்சம் தள்ளித் தள்ளி, அப்புறம் போகும் வரும் பாதை. அந்த மண் எத்தனை அடிக்குள் மாறுகிறது என்று தெரியாமல் "ஒத்துப்போகிறது" என்பதற்கு அர்த்தமே இல்லை.

3. சந்தேக நபர் தான் இருந்ததாகச் சொல்லும் இடத்து மண். அவருடைய வீட்டு வாசல், வேலை செய்யும் செங்கல் சூளை, வயல், வண்டி நிறுத்தும் இடம். ராக்கன்ஹவுசன் வழக்கை முடித்தது இதுதான்.

4. செருப்பைச் சுரண்டக் கூடாது. முழுச் செருப்பையும், இடது வலது தனித்தனியாக, காகித உறையில் அனுப்ப வேண்டும். ஈர மண்ணை பிளாஸ்டிக்கில் கட்டினால் பூசணம் பிடிக்கும். வண்டிச் சக்கர வளைவில் உறைந்த மண் கட்டியை உடைக்காமல், எது உள்பக்கம் எது வெளிப்பக்கம் என்று குறித்து எடுக்க வேண்டும். உடைத்துவிட்டால் அடுக்கு வரிசை போச்சு.

5. காலம். பாலாறு வருடத்தில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும், வெள்ளம் வந்தால் ஒரே இரவில் மேற்பரப்பு முழுக்க மாறும். 2021 நவம்பர் வெள்ளத்துக்கு முன்னால் எடுத்த செருப்பு மண்ணையும், வெள்ளத்துக்குப் பின்னால் எடுத்த ஆற்று மணலையும் ஒப்பிட்டு ஒருவர் அறிக்கை எழுதினால், அவர் இரண்டு வேறு ஆறுகளை ஒப்பிடுகிறார் என்றே சொல்லலாம்.

செருப்பையும் சம்பவ இடத்து மண்ணையும் ஒரே ஜீப்பில், ஒரே ஆள், ஒரே நாள் கொண்டு வந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. தேடப் போன காவலரின் பூட்ஸில் இருந்த மண்ணே சாட்சியாகிவிடலாம்.

## "ஒத்துப்போகிறது" என்ற முடிவுக்கு என்ன எடை

சரி, எல்லாம் ஒழுங்காக எடுத்து, ஒழுங்காகச் சோதித்தாயிற்று. இரண்டு மாதிரியும் தெளிவாக வேறு என்றால், ஒப்பிட்ட இடத்து மண் அந்தச் செருப்பில் இல்லை என்று உறுதியாகவே சொல்லலாம். மண் சோதனையின் மிகப் பெரிய பலம் இந்தக் கழித்தல்தான். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்றால், அங்கிருந்து வந்திருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். இந்த "கலாம்" எவ்வளவு கனம் என்பது, அதே மாதிரி மண் வேறு எத்தனை இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அமிர்திக் காட்டோரம் ஒரு சம்பவம், காட்பாடிக்காரர் ஒருவர் மேல் சந்தேகம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் சார்னோகைட்டும் நைஸும்தான். ஹைப்பர்ஸ்தீன் இரண்டிலும் இருந்தால் அது பெரிய விஷயமில்லை. விகிதம், மணிகளின் மக்கல், களிமண் வகை, கூடவே வந்த மகரந்தம் எல்லாம் சேர்ந்து பேசினால்தான் கொஞ்சம் எடை வரும். அதே ஆள் சேவத்தூர்ப் பக்கம் போகவே இல்லை என்று சொல்லி, செருப்பில் உப்பாத வெர்மிகுலைட்டும் அபடைட்டும் இருந்தால், ஒரு சிட்டிகையே போதும்.

இந்தக் காலத்தில் இன்னொரு தலைவலி, மண் தானாகவே ஊர் மாறுகிறது. ஏரி வண்டல் டிராக்டரில் வயலுக்குப் போகிறது, வீட்டு மனைக்கு எங்கிருந்தோ கிராவல் வந்து கொட்டுகிறது, சென்னை பெங்களூர் சாலை ஓரம் முழுக்க கிரஷர் தூள். அணைக்கட்டு என்ற ஊர்க்காரர் ஒருவர் வீட்டு வாசலில் வேறு ஊர் மண் கிடப்பதற்கு அவர் அந்த ஊருக்குப் போயிருக்க வேண்டிய அவசியமில்லை.

## மணல் லாரி வழக்குகளுக்கும் இதே கணக்கு

ஆற்று மணல் திருட்டில் லாரி பிடிபட்டால் வழக்கமாக வரும் பதில், இது எம்-சாண்ட், ஆற்று மணல் இல்லை என்பது. 1957-ம் ஆண்டு சுரங்கச் சட்டத்தின் 21-ம் பிரிவில் வண்டியைப் பறிமுதல் செய்வது வரை போகும் வழக்கு என்பதால், சரக்கு எது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. கனிமவியலுக்கு இது எளிதான கேள்வி. எம்-சாண்ட் கல்லை நொறுக்கியது. மணிகள் கூர்முனையோடு, முறிந்த முகம் புதிதாக, ஃபெல்ட்ஸ்பார் தெளிவாக, கல் தூள் ஒட்டியபடி இருக்கும். ஆற்று மணலில் முனை தேய்ந்திருக்கும், ஃபெல்ட்ஸ்பார் மக்கி மங்கலாக இருக்கும், காக்காப்பொன் செதில்கள் மினுங்கும், பாலாறு கடந்து வந்த பல பாறைகளின் கனிமங்கள் கலந்து கிடக்கும். இரண்டையும் கலந்து ஓட்டினாலும் எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்த ஆற்று மணல் பாலாற்றில் அள்ளியதா பொன்னையாற்றில் அள்ளியதா என்ற அடுத்த கேள்வி மிகக் கடினம். இரண்டு ஆற்றிலும் பல இடங்களில் எடுத்த மாதிரிகள் கையில் இல்லாமல் அதற்கு யாராவது உறுதியாகப் பதில் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

## நீதிமன்றத்தில்

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3). இதை அமல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து வருடம் வரை அவகாசம் உண்டு. மம்மட்டி மாதிரிகளின் காலம் இதனால் முடிந்தால் நல்லது. தேடுதலையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது 105-வது பிரிவு. மேல்மண்ணை எடுத்தார்களா, ஆழத்தில் வெட்டினார்களா என்பது இனி படத்திலேயே தெரியும்.

நிபுணர் கருத்து, பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 39-வது பிரிவில் வருகிறது. அது கருத்துதான், நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. மண் என்பது சூழ்நிலைச் சாட்சியத்தின் ஒரு கண்ணி. சூழ்நிலைச் சாட்சியம் மட்டும் இருக்கும் வழக்குகளில் சங்கிலி முழுமையாக இருக்க வேண்டும், குற்றவாளி அல்லாத வேறு விளக்கத்துக்கு இடம் இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1984-ல் ஐந்து நெறிகளாக வகுத்தது. வேறு விளக்கத்துக்கு இடம் தராமல் மண் ஒன்றே தனியாக நிற்பது அபூர்வம்.

இதில் பலர் கவனிக்காத ஒரு இடம் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329-வது பிரிவு. அரசு அறிவியல் நிபுணரின் அறிக்கையை அவரைக் கூண்டில் ஏற்றாமலேயே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அது அனுமதிக்கிறது. ரத்த வகைக்கும் சாராயத்துக்கும் அது ஓரளவு சரிப்படும். மண்ணுக்குச் சரிப்படாது. "மாதிரி 1-ம் மாதிரி 2-ம் ஒத்துள்ளன" என்ற ஒற்றை வரிக்குள் எத்தனை மணி எண்ணினார்கள், எந்த அளவுத் துகள், கனத்த கனிமங்கள் என்னென்ன, சுற்றுவட்டார மாதிரிகள் எத்தனை வந்தன என்று எதுவும் தெரியாது. அவரை அழைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, தரப்பினர் மனுப்போட்டுக் கேட்கலாம். அழைத்தால் முதலில் கேட்க வேண்டியது, குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டு வாசல் மண் உங்களுக்கு அனுப்பப்பட்டதா என்பது. படிவம் 95-ல் நீதிமன்றத்துக்கு ஒப்படைத்த பொருள்களின் பட்டியலைப் புரட்டினால் அந்தக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.